பதினோரு வரி

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பெண்டாட்டியைச் சந்தேகப்படுகிற ஆண்களுக்குக் குறைவில்லை. யாரோடு பேசினாள், எங்கே நின்றாள், போன் ஏன் அவ்வளவு நேரம் பிஸியாக இருந்தது என்று குடைந்துகொண்டே இருப்பார்கள். எழிலன் அந்த ரகம் இல்லை. மகிழினி யாரோடு வேண்டுமானாலும் பேசலாம், எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். அவனுடைய வயிற்றெரிச்சல் முழுக்க அவளுடைய பத்து விரல்கள் மேல். இப்படியும் ஒரு பொறாமை உண்டா என்று கேட்காதீர்கள். உண்டு. 2009ஆம் வருஷம் அது பி பிளாக் மூன்றாவது மாடியில் குடியிருந்தது.

சங்கதி இதுதான். எழிலன் ஒரு பிரவுசர் எழுதியிருந்தான். இணையத்தில் பக்கங்களைத் திறந்து பார்க்கிறோமே, அந்த மென்பொருள். டிப்ளமோ முடித்துவிட்டுத் தண்டையார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் அவனுக்கு வேலை. கடைக்கு வருகிற மெஷின்களில் முதலில் உயிரை விடுவது மவுஸ்தான். கடல் உப்பும் ஹார்பர் கரித்தூசியும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால் அப்புறம் அது நகராது. கடையில் கழித்துப்போட்ட பாகங்களை வைத்து அவன் வீட்டில் ஒரு மெஷின் கட்டியிருந்தான். அதிலிருந்த ஒரே மவுஸையும் அவசரமாக வந்த ஒரு வாடிக்கையாளருக்குக் கழற்றிக் கொடுத்தாயிற்று. மவுஸ் இல்லாமல் எப்படித்தான் இணையம் பார்ப்பது என்ற எரிச்சலில் எழுத உட்கார்ந்தவன், ஒன்றரை வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதில் கரைத்தான்.

அதில் பட்டன் கிடையாது, மெனு கிடையாது, முகவரி எழுதுகிற பெட்டிகூட கிடையாது. திறந்தால் வெறும் பக்கம் மட்டும் தெரியும். எஃப் எழுத்தை அழுத்தினால் பக்கத்திலுள்ள ஒவ்வொரு இணைப்பின் தலையிலும் ஒரு எண் முளைக்கும். எண்ணை அடித்தால் அந்த இணைப்பு திறந்துகொள்ளும். எல்லாமே கீபோர்டில். பார்த்தவர்கள் "இன்னாடா இது, மொட்டையா கீது" என்றார்கள். அவன் அதையே பெயராக வைத்துவிட்டான்.

மொட்டையின் முழு நிரலையும் இணையத்தில் திறந்து போட்டான். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், வேறு பெயர் வைத்து வெளியிடக்கூடச் செய்யலாம். முன்னால் எழுதியவர் பெயரை மட்டும் எடுக்கக் கூடாது. மாற்றியதை, எல்லாருக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேருகிற பொதுவான மெயில் லிஸ்ட்டுக்கு அனுப்பினால் எழிலன் பார்ப்பான், பிடித்திருந்தால் சேர்ப்பான். உலகம் முழுக்க நாற்பத்தோரு பேர் மொட்டையைப் பயன்படுத்தினார்கள். அந்த நாற்பத்தோரு பேரையும் அவனுக்கு மெயில் முகவரியோடு மனப்பாடம். கடையில் முதலாளியிடம் பேச்சு வாங்கிக்கொண்டு மதர்போர்டு துடைக்கிறவன், வீட்டுக்கு வந்து அந்த ஒற்றை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் ராஜா. பின்லாந்திலிருந்து ஒருவர் "ஐயா" போட்டு மெயில் எழுதுவார். அது போதும் அவனுக்கு.

மகிழினி ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்த்தாள். கப்பலில் வந்த கன்டெய்னரைத் திருவொற்றியூர் யார்டில் எடுப்பதும் விடுவதும் அவர்கள் தொழில். அந்த யார்டுக்கு உள்ளே போக எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் நாள்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே குளித்து, அங்கேயே சண்டை போட்டுக்கொள்வார்கள். யார்டுக்காரர்கள் ஒரு வெப்சைட் வைத்தார்கள். டோக்கன் வாங்கிய வண்டியைக் காலை ஒன்பது மணிக்கு அதில் 'உறுதி' செய்ய வேண்டும். முதலில் உறுதியாகிற ஐம்பது வண்டி அன்று உள்ளே போகும். மற்றவை நாளைக்கு. ஒன்பது மணி மூன்று நிமிஷத்துக்குள் ஐம்பதும் நிரம்பிவிடும்.

ஆபீஸ் மெஷின் வைரஸ் பிடித்துப் படுத்தபோது எழிலன்தான் போய்ச் சரிசெய்து, மொட்டையை அதில் போட்டுவிட்டு வந்தான். புது வெளியீடு வந்தால் மெஷின் காலையில் எழும்போதே தானாக எடுத்துக்கொள்ளும்படியும் செய்துவைத்தான். கட்டியவன் செய்த உபகாரம். அங்கேதான் வினை.

மகிழினி டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ். இன்ஸ்டிடியூட்டில் அவள் பழகிய மெஷினில் ஒன்று என்ற எண்ணே கிடையாது. சின்ன எல் அடித்து ஒப்பேற்றுவார்கள். அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போயிருந்தது. மொட்டையில் ஒன்று அடிக்கப் போய் எல் அடிப்பாள்; அதில் எல் என்பது பக்கத்தை நகர்த்துகிற விசை, பக்கம் வலதுபக்கமாக ஓடிவிடும். எண்களுக்காகக் கை மேல்வரிசைக்குத் தாவ வேண்டியிருக்கிறது, ஒன்பது மணி அவசரத்தில் தப்பாகிறது என்று எழிலனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். இன்னொரு நாள் சொன்னாள். இன்னொரு நாளும் சிரித்தான்.

மொட்டையின் நிரலை ஒரு கடிதம்போல ஒரே மூச்சில் படித்துவிடலாம் என்று அவன் லிஸ்ட்டில் பீற்றிக்கொள்வான். அவள் அதைக் காகிதத்தில் எடுத்து, புரூஃப் பார்ப்பதுபோலப் பென்சிலோடு படித்தாள். கரஸ்பாண்டென்ஸில் பி.சி.ஏ. முடித்தவளுக்கு நாலு வாரம் ஆயிற்று. பிறகு பதினோரு வரி எழுதினாள். எண்ணுக்குப் பதில் எழுத்து. அதுவும் விரல்கள் சும்மா இருக்கும்போது குடியிருக்கிற நடுவரிசை எழுத்துகள் மட்டும். அதைவிட முக்கியம், ஒரு இணைப்புக்கு ஒருமுறை எந்த எழுத்து விழுந்ததோ அதுவேதான் என்றைக்கும். பக்கத்தில் என்ன கூடினாலும் குறைந்தாலும் 'உறுதி'க்கு ஜே என்றால் ஜேதான்.

அந்தப் பதினோரு வரியையும் 'ஜெ. மகிழினி' என்று போட்டு லிஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டாள். சாயங்காலம் மெயிலைத் திறந்த எழிலனுக்குத் தலை கிர்ரென்றது.

"இன்னாமே இது? ஒரே ரூம்ல குந்திகினு லிஸ்ட்டுக்கு மெயில் உடுறே?"

"நீதான எய்தி வச்சிகீறே, மாத்துனா லிஸ்ட்டுக்கு அனுப்பணும்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"ரெண்டு வாட்டி சொன்னேன்பா. சிரிச்சே."

மறுநாள் காலையில் பின்லாந்துக்காரரின் மெயில் வந்திருந்தது. இது இல்லாமல் இத்தனை நாள் எப்படி இருந்தோம், யார் இந்த ஜெ. மகிழினி, எழிலன் இதை எப்போது சேர்க்கப்போகிறார் என்று கேட்டிருந்தார். அவரைத் தொடர்ந்து எட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். ஒன்றரை வருஷத்தில் எழிலனுக்கு ஒரே நாளில் எட்டு மெயில் வந்ததே கிடையாது. நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. இது இல்லாமல் எப்படி இருந்தோம் என்று ஒருவரும் சொன்னதில்லை. அவன் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தான். பல்லிடுக்கில் மாட்டிய நார்போல அது போகவே இல்லை.

"டெஸ்ட் பண்ணிகினு கீறேன்" என்று லிஸ்ட்டுக்குப் பதில் போட்டான். வீட்டில் அவள் கேட்டபோதும் அதையேதான் சொன்னான். மூன்று வாரம் டெஸ்ட் பண்ணினான். உண்மையில் ஒருநாள்கூட அதை ஓட்டிப் பார்க்கவில்லை. அவளோ காத்திருக்கவில்லை; தன் ஆபீஸ் மெஷினில் பதினோரு வரியைத் தானே ஒட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். ராயபுரத்தில் மற்ற ஆபீஸ்களின் வண்டியெல்லாம் ரோட்டில் காய, மகிழினி கை வைத்த வண்டி அன்றன்றே உள்ளே போயிற்று.

ஒருநாள் டிரெய்லர் டிரைவர் அருள்பிரகாசம் போனைச் சரிபண்ணக் கடைக்கு வந்தார். எழிலனை ஏற இறங்கப் பார்த்தார்.

"மகிழினி மேடம் வூட்டுக்காரரா நீ? நைனா, அந்தம்மா கை கையில்ல, மிசினு. தட்டுச்சின்னா யார்டு கேட்டு தொறக்குது."

"அந்த சாப்ட்வேர் நான் எய்துனது" என்றான் எழிலன்.

"அப்டியா? இன்னாவோ, மேடம் கைராசி" என்று சொல்லிவிட்டு அவர் போனை வாங்கிக்கொண்டு போனார்.

கைராசியாம். எழிலனுக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. கோடம்பாக்கத்துக்காரன் ஒருவன் தன்னைவிட நன்றாக எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அமெரிக்காக்காரன் எழுதியிருந்தால் பெருமையாகக்கூட இருந்திருக்கும். தன் வீட்டுச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மெஷினில், தன் மொட்டையை, தன் பெண்டாட்டி தன்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டாள் என்பதுதான் ஆறவில்லை. அவள் தூங்கும்போது அந்த விரல்களைப் பார்ப்பான். சும்மா மடங்கிக் கிடக்கும். அதற்கும் எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் புளியந்தோப்பில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். எழிலன் நாற்காலியில் உட்கார்ந்தான். எண்ணுக்குப் பதில் எழுத்து, இது ஒரு பெரிய விஷயமா, நான் எழுதினால் இன்னும் சுத்தமாக வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவளுடைய பதினோரு வரியைத் திறந்துகூடப் பார்க்காமல் தானே ஐந்து வரி எழுதினான். பக்கத்தின் மேலிருந்து கீழே, முதல் இணைப்புக்கு ஏ, அடுத்ததற்கு எஸ், அடுத்ததற்கு டி, இப்படியே நடுவரிசை எழுத்துகள் வரிசையாக. ஐந்து வரி, பதினோரு வரியில் பாதிகூட இல்லை. அந்தக் கணக்கில் அவனுக்கு அற்ப சந்தோஷம். மூன்றே முக்காலுக்கு மொட்டையின் புது வெளியீட்டை ஏற்றினான். 'எண்களுக்குப் பதில் எழுத்துகள் - எழிலன்' என்று குறிப்பு எழுதினான். அவள் பெயரை எங்கேயும் போடவில்லை.

ராயபுரம் மெஷின் காலையில் இதைத் தானாக எடுத்துக்கொள்ளும், அவள் ஒட்டிவைத்தது போய்விடும் என்பது அவனுக்குத் தெரியாதா? அதைக் கட்டிவைத்ததே அவன்தான். அது ஞாபகத்துக்கு வரவில்லை என்று பிற்பாடு சொல்லிக்கொண்டான். வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டு டீ போடப் போனான்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மகிழினி தன் இடத்தில் உட்கார்ந்தாள். இடதுபக்க ஸ்டாண்டில் ஏழு வண்டிகளின் எண் எழுதிய தாள். இன்ஸ்டிடியூட்டில் படித்தவர்களுக்கு முதல் பாடமே கண் தாளில், கை கீபோர்டில் என்பதுதான். வண்டி எண்ணை அடித்தாள். எஃப், ஜே, என்டர். அடுத்த எண். எஃப், ஜே, என்டர். ஏழும் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். திரையில் ஏழு வரியும் சிவப்பாக இருந்தது. ஏ, எஸ், டி, எஃப், ஜி, எச், ஜே. எழிலனின் வரிசையில் ஏழாவது இணைப்புக்கு ஜே விழுந்திருந்தது. யார்டுப் பக்கத்தில் ஏழாவது இணைப்பு 'ரத்து'.

ரத்தான டோக்கன் ரத்தானதுதான். புதிதாக எழுதிக் கொடுத்து, வியாழக்கிழமைக்கு மேல்தான் கிடைக்கும்.

ஆபீஸ் மேனேஜர் தண்டபாணி போன் செய்ததும் எழிலன் கடையிலிருந்து ஓடினான். ஆபீஸ் வாசலில் ஏழு டிரைவர்கள் நின்றிருந்தார்கள். அருள்பிரகாசம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"நாளான்னிக்கி திண்டிவனத்துல எம் பொண்ணுக்கு வளகாப்பு. டோக்கனுக்கு மூணு நாளா வெயில்ல காஞ்சிகினு இன்னிக்கி உள்ள பூடலாம்னு இருந்தேன். இப்ப வண்டிய எங்க உட்டுட்டுப் போவேன்? சொல்லுங்க மேடம்!"

மகிழினி சுவரோரமாக நின்றிருந்தாள். எழிலன் அவளைப் பார்க்காமல் நேரே மெஷினிடம் போனான். எஃப் அழுத்தினான். 'ரத்து'வின் தலையில் ஜே உட்கார்ந்திருந்தது. அவனுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

"இன்னாப்பா எழிலன், மிசின்ல எதுனா கோளாறா?" என்றார் தண்டபாணி.

இங்கேதான் அவன் வாயைத் திறந்திருக்க வேண்டும். வாசலில் ஏழு பேர் ஆளுக்கொரு ஆத்திரத்தோடு நிற்கிறார்கள் என்ற பயம் ஒரு பக்கம். ஆனால் பயம் மட்டும் என்று சொன்னால் பொய். உள்ளே ஒரு மூலையில், குளிர்ந்த தண்ணீர் தெளித்ததுபோல, அந்தக் கையும் தப்புப் பண்ணும் என்று ஒரு நிம்மதி இருந்தது.

"மிசினு நல்லாத்தான் சார் கீது" என்றான்.

மகிழினி அவனை ஒரு தடவை பார்த்தாள். "நீ ஃபைல் பக்கம் பாரும்மா. நாளையிலேர்ந்து ஒன்பது மணி வேலைய ஞானம் பாக்கட்டும்" என்றார் தண்டபாணி. அவள் ஸ்டாண்டிலிருந்த தாளை எடுத்து நான்காக மடித்து ஞானம் என்ற அந்த கிளார்க்கின் மேஜையில் வைத்தாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தவள் முகம்கூடக் கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். மொட்டையின் புது வெளியீட்டைத் திறந்தாள். திறந்துபோட்ட நிரலில் ஒளிக்க ஒன்றுமில்லை. யார், என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த வரியை மாற்றினார் என்று எல்லாம் இருக்கும். ஞாயிறு, மூன்றே முக்கால், எழிலன். அவன் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் எட்டு மணிவரை அடித்துக்கொண்டே இருந்தாள்.

"தோ, வந்து பாரு" என்றாள்.

அவள் மொட்டையைப் பிரதி எடுத்து, தன் பதினோரு வரியைச் சேர்த்து, தனியாக வேறு பெயரில் வெளியிட்டிருந்தாள். பெயர் சும்மாடு. மொட்டைத் தலையில் பாரம் தூக்க அதுதானே வேண்டும். லிஸ்ட்டுக்கும் சொல்லியாயிற்று, பின்லாந்துக்காரர் அதற்குள் மாறிவிட்டார். என்னுடையதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று எழிலன் கொதிக்கிற நேரத்தில் பக்கத்தின் முதல் வரி கண்ணில் பட்டது. 'முதலில் எழுதியவர்: எழிலன்.' அதற்குக் கீழேதான் அவள் பெயர்.

"எம் பேர எதுக்கு வச்சே?" என்றான்.

"எடுக்கக் கூடாதுன்னு நீதான எய்தி வச்சிகீறே." அவள் எழுந்தாள். "நாளைக்கி நீ வந்து சார் கிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன். சொன்னா, புருசன் மேல பழி போட்டுத் தப்பிக்கிறான்னுவாங்க."

செவ்வாய்க்கிழமை எட்டரைக்கே எழிலன் ராயபுரத்தில் இருந்தான். பாக்கெட்டில் சும்மாடு இருந்த பென் டிரைவ். தண்டபாணியும் அருள்பிரகாசமும் இன்னும் இரண்டு டிரைவர்களும் இருக்கும்போது, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டான். தப்பு அவளுடையது இல்லை, நான் சாப்ட்வேரை மாற்றினேன், நேற்றுத் தெரிந்தே மறைத்தேன் என்று எதையும் விடாமல் சொன்னான். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டான்.

தண்டபாணி எழுந்துவந்து அவன் தோளில் கை போட்டார்.

"புரியுதுப்பா. சம்சாரத்துக்கு ஒண்ணுன்னா மன்சு கேக்காது. நீ பழி ஏத்துக்காத."

"ஐயோ, நெசமாத்தான் சார்."

"கட்டுனவன்னா இப்டி இருக்கணும்யா" என்றார் அருள்பிரகாசம் மற்றவர்களிடம். "மன்சன்!"

எழிலனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம்போல இருந்தது. ஆயுசு முழுக்க நாலு பேர் பாராட்ட வேண்டும் என்று ஏங்கினான். கிடைத்த பாராட்டு இதுவா? ஃபைல் அலமாரிக்குப் பக்கத்திலிருந்து மகிழினி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் போய் அவளுடைய மெஷினில் மொட்டையை எடுத்துவிட்டு சும்மாட்டைப் போட்டான். மணி ஒன்பது. பக்கத்து மெஷினில் ஞானம் மவுஸை உருட்டத் தொடங்கினார். அன்றைக்கு எட்டு வண்டி. மவுஸ் பாதி வழியில் நின்றது. அவர் அதை மேஜையில் தட்டினார். இரண்டு நிமிஷம் போய்விட்டது, மூன்று வண்டிதான் முடிந்திருந்தது. தண்டபாணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், ஒரே ஒரு வாட்டி அவள குந்த வையுங்க" என்றான் எழிலன்.

"வாம்மா, வா, வா!" என்றார் தண்டபாணி.

மகிழினி வந்து உட்கார்ந்து தாளை ஸ்டாண்டில் செருகினாள். எழிலன் அவள் ஆபீஸ் வேலை செய்து அதற்குமுன் பார்த்ததே இல்லை. கல்யாணமாகி நாலு வருஷம், ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தான். அவள் கண் தாளைவிட்டு நகரவில்லை. எண், எஃப், ஜே, என்டர். திரையில் ஒவ்வொரு வரியாகப் பச்சையாகிக்கொண்டே போயிற்று. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒன்றரை வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் செதுக்கிய திரை அது. ஒரு பட்டன்கூடக் கண்ணை உறுத்தக் கூடாது என்று அவன் துடைத்துத் துடைத்து வைத்த திரை. அவளுக்கு அது தேவையே இல்லை. அவன் செய்ய நினைத்ததை அவள்தான் கடைசிவரை செய்து முடித்திருந்தாள். ஐந்து வண்டி, முப்பது விநாடி.

முதலில் அருள்பிரகாசம்தான் எழிலன் பக்கம் திரும்பினார்.

"அப்ப, நீ சொன்னது நெசமா?"

எழிலன் தலையை ஆட்டினான்.

"அடப்பாவி, மன்சன்னு சொன்னேனேடா!" அவர் கை ஓங்கியது. பிறகு என்ன நினைத்தாரோ, இறக்கினார். "அடிச்சா எம் பொண்ணு வளகாப்புக்கு நான் போவ முடியுமா? நீ வா. வண்டிய ஓரங்கட்டி வச்சிகீறேன். டீசலும் பேட்டரியும் திருடு போவாம நான் வர்ற வரைக்கும் நீ அதுல குந்திகினு இரு."

கடைக்கு லீவு சொல்லிவிட்டு எழிலன் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாக நின்ற டிரெய்லரில் ஏறி உட்கார்ந்தான். மகிழினி தடுக்கவில்லை. இரண்டு வேளைச் சாப்பாடும், நான்காக மடித்த ஒரு காகிதமும் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் மத்தியானம் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் அதைப் பிரித்தான். பதினோரு வரி. ஜன்னல் வழியாகக் கரித்தூசி வந்து காகிதத்தில் படியப் படிய ஊதிவிட்டுப் படித்தான். அவளுடைய வரிகளை அவன் படிப்பது அதுதான் முதல் தடவை. முதலில் குறை கண்டுபிடிக்கத்தான் படித்தான். நாலாவது வரியில் நின்றான். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை? இரண்டாம் தடவை படித்தபோது நன்றாகவே எரிந்தது. நேற்று எரிந்ததைவிட அதிகம். நேற்றுவரை எவ்வளவு நல்லது என்று தெரியாமல் எரிந்தான், இன்றைக்குத் தெரிந்து எரிந்தான். ஆனாலும் காகிதத்தைக் கீழே வைக்க முடியவில்லை. ஐந்தாம் தடவை படிக்கும்போது ஒன்பதாவது வரியில் ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. இணைப்புகள் நிறைய இருந்தால் என்றைக்காவது இரண்டு இணைப்புகளுக்கு ஒரே எழுத்து விழக்கூடும். ஒரு வரி சேர்த்தால் அடைத்துவிடலாம். துள்ளியதில் முழங்கை ஹாரனில் இடித்து, முன்னால் நின்ற லாரிக்காரர் இறங்கிவந்து திட்டிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அருள்பிரகாசம் வளைகாப்பு லட்டு ஒன்றைக் கையில் வைத்து அழுத்திவிட்டு, முகத்தைப் பார்க்காமல் வண்டியை வாங்கிக்கொண்டார். மகிழினி மறுபடியும் ஒன்பது மணி நாற்காலிக்குப் போய்விட்டாள். மேனேஜர் இப்போது அவளை மேடம் என்கிறாராம்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு எழிலன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அந்த ஒரு வரியை எழுதினான். கட்டிலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் நேரே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சும்மாடு லிஸ்ட்டுக்கு மெயில் எழுதி, கீழே 'எழிலன்' என்று போட்டு அனுப்பினான். பிறகு எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து மெயிலைத் திறந்தாள். ஒரு வரியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"வந்துச்சா?"

"வந்துச்சி."

"எப்டி கீது?"

"டெஸ்ட் பண்ணிகினு கீறேன்" என்றாள் மகிழினி.

அவன் தலையைச் சொறிந்தான். "எத்தினி நாள் ஆவும்?"

"நீ எத்தினி நாள் பண்ணே?"

"மூணு வாரம்."

அவள் அடிக்கத் தொடங்கினாள். எழிலன் கட்டிலில் உட்கார்ந்து மீதிக் கீரையை ஆய்ந்தான்.